தெருநாயோடு நட்புக் கொள்ளும் குழந்தை: பெற்றோர் அறிய வேண்டியவை

மாலை நான்கு மணியளவில் பள்ளி வேன்கள் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயில்களில் குழந்தைகளை இறக்கிவிட்டுச் செல்கின்றன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அவர்கள் திரும்பிவர ஏழு மணியாகிவிடும். பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியை வாங்கிக் கதவைத் திறப்பது, டப்பாவில் இருக்கும் முறுக்கை எடுத்துத் தின்பது, தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருப்பது என்று அந்த மூன்று மணி நேரம் கழிகிறது. கீழே இறங்கி விளையாடலாம் என்றால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை தொங்குகிறது. உடன்பிறந்தோர் இல்லை. தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரில் இருக்கிறார்கள். இந்த வேளையில் காவலாளியின் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும் தெருநாய் ஒன்று, குழந்தையைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டுகிறது.

நட்புத் தொடங்க அதுவே போதும். முதல் நாள் தொலைவில் நின்று பார்க்கும் குழந்தை, மறுநாள் தன் பிஸ்கட்டில் பாதியைப் போடுகிறது. வாரம் திரும்புவதற்குள் தேநீர்க் கடையில் பொறை வாங்கிவரத் தொடங்கிவிடுகிறது. நாய்க்கு ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது.

குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர், இதைக் கண்டுபிடித்த அதிர்ச்சியோடு எங்களிடம் கேட்கிறார்கள்: "அந்த நாயை விரட்டிவிடலாமா?" வேறு சிலர், "பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். இவ்விரண்டும் போதுமான விடை ஆகா. இந்த நட்பில் நன்மை உண்டு. உயிருக்கு ஆபத்தும் உண்டு. அந்த ஆபத்து நாயின் பல்லில் இருப்பதைவிட, நடந்ததை வீட்டில் சொல்ல அஞ்சும் குழந்தையின் மௌனத்தில் அதிகமாக இருக்கிறது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

தனிமையும் குழந்தையின் உடலும்

வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பது மட்டும் தனிமை அன்று. தன்னைச் சுற்றிப் பலர் இருந்தும், தன் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை என்று உணர்வதே தனிமை. ஊர் மாறி வந்த குழந்தை, நடுவில் பள்ளி மாற்றப்பட்ட குழந்தை, வகுப்பில் பிறர் பேசும் மொழி சரியாக வராத குழந்தை ஆகியோரிடம் இதை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்புகளை ஆராய்வதற்கென்றே 2023இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. தனிமை முதியோருக்கு மட்டும் உரிய துன்பம் அன்று, இளம் பருவத்தினரையும் அது வாட்டுகிறது என்பதை உலகம் இப்போது உணரத் தொடங்கியுள்ளது.

குழந்தை "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்று சொல்லாது. அதன் உடல் சொல்லும். காரணம் தெரியாமல் அடிக்கடி வரும் வயிற்றுவலி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் தலைவலி, சாப்பாட்டில் விருப்பமின்மை, தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவை சில அறிகுறிகள். இவற்றுக்கு உடல் சார்ந்த காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லாதபோது, குழந்தையின் நாள் எப்படிக் கழிகிறது என்று நாங்கள் கேட்கத் தொடங்குவோம்.

விலங்கிடம் குழந்தை தேடுவது என்ன?

பெரியவர்கள் குழந்தையிடம் எப்போதும் ஏதேனும் எதிர்பார்க்கிறோம். வீட்டுப்பாடம் முடிந்ததா, தேர்வில் எவ்வளவு மதிப்பெண், பால் குடித்தாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நாய் இவற்றில் எதையும் கேட்பதில்லை. குழந்தை திக்கித் திக்கிப் பேசினாலும், ஒரே கதையைப் பத்து முறை சொன்னாலும் முகம் சுளிக்காமல் அருகில் அமர்ந்திருக்கிறது. தெருநாய் என்றால் இன்னொன்றும் சேர்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் பெறுகிற இடத்தில் இருக்கும் குழந்தை, இங்கே கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. "நான் போகாவிட்டால் அது பசியோடு இருக்கும்" என்ற எண்ணம் குழந்தைக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. தன்னை எதிர்பார்த்து ஓர் உயிர் காத்திருக்கிறது என்ற உணர்வு சிறிய விஷயம் அன்று.

அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன் இதை மருத்துவ நோக்கில் எடுத்துரைத்தவர்களில் முன்னோடி. பிறரிடம் பேசாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன், தம்முடைய அறையில் இருந்த ஜிங்கிள்ஸ் என்னும் நாயோடு எளிதில் ஒட்டிக்கொண்டதை அவர் கவனித்தார். அந்த நாயின் வழியாகவே சிறுவன் மெல்ல அவரிடமும் பேசத் தொடங்கினான். இந்த அனுபவத்தின் அடிப்படையில் 1962இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையில் விலங்குகளின் துணையைப் பயன்படுத்தும் முறைக்கு அது ஒரு தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர் கூடுவதைக் காட்டியது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு கொள்ளும் இயக்குநீர் அது.

லெவின்சனின் அனுபவத்தில் நாம் மறக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. நாய் அங்கே மனிதருக்கு மாற்றாக இருக்கவில்லை. சிறுவனை மனிதரிடம் அழைத்துச் செல்லும் பாலமாகவே இருந்தது. நம் குழந்தைகளுக்கும் தெருநாயின் நட்பு அத்தகைய பாலமாக அமைய வேண்டுமென்றால், பாலத்தின் மறுகரையில் நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

வயிற்றுவலியோடு வந்த சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாய் அழைத்து வந்தார். குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். தென் மாவட்டம் ஒன்றிலிருந்து சென்னைக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு மாதங்களாக அடிக்கடி வயிற்றுவலி. நான்கு நாட்களாகச் சாப்பாடே இறங்கவில்லை என்றார் தாய்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால், அவன் முழுக்கைச் சட்டையின் கையை மடிக்க விடவில்லை. வற்புறுத்தாமல் மெதுவாக மடித்துப் பார்த்தபோது, இடது முன்கையில் இணையாக இரண்டு கீறல்கள் பொருக்குத் தட்டியிருந்தன. "முள்ளு கிழிச்சிருச்சு" என்றான். முள் கிழித்தால் அப்படி இருக்காது.

தாயைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, செவிலியர் உடனிருக்க அவனிடம் பேசினோம். பள்ளி, நண்பர்கள், மாலை நேரம் என்று பேச்சு போயிற்று. "சாயங்காலம் யார் கூடப்பா விளையாடுவே?" என்று கேட்டதும், "மணி கூட" என்றான். மணி எந்த வகுப்பு என்று கேட்டோம். முதன்முறையாகச் சிரித்தான். மணி அவர்கள் தெருவில் இருக்கும் பழுப்பு நிற நாய்.

நான்கு நாட்களுக்கு முன், மணி தின்றுகொண்டிருந்த எலும்பை அவன் எடுத்துத் தள்ளிவைக்கப் போயிருக்கிறான். நாய் சட்டென்று கவ்விவிட்டது. இரத்தம் வந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அன்று முதல் முழுக்கைச் சட்டையாகவே போட்டுக்கொண்டான். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான்: "சொன்னா மணியைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா, டாக்டர்?"

தன் கையைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. நாயைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான்கு நாட்கள் வாய் திறவாமல் இருந்திருக்கிறான். அந்த மௌனத்துக்கு விலை என்னவாக இருந்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

அன்றே காயத்தைக் கழுவி, இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றிச் செலுத்தி, தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டோம். தாயிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம்: "அம்மா, தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். அவன் சொன்னதால்தான் இன்று மருந்து போட முடிந்தது." அந்தத் தாய் மகனின் தலையை வருடிக்கொண்டே அழுதார். நாயின் நல்லூழ், சிறுவனின் நல்லூழ், பத்து நாட்களுக்குப் பிறகும் மணி நலமாக இருந்தது. அதன் பிறகு சிறுவனின் தந்தை விலங்கு நலத் தன்னார்வலர்களின் உதவியோடு அதற்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்.

ஏன் இந்த அவசரம்?

ரேபிஸ் எனப்படும் வெறிநோய், நோய்க்குறிகள் தோன்றிய பிறகு ஏறத்தாழ நூறு விழுக்காடு உயிரைப் பறிப்பது. ஆனால், கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். மனிதருக்கு இது பரவும் நேர்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்களின் வழியாகவே நிகழ்கிறது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

வைரஸ் நாயின் எச்சிலில் இருக்கிறது. கடியின் வழியே உடலுக்குள் நுழைந்து, நரம்புகளின் வழியாக மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. நோய்க்குறிகள் தோன்றப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலரிடம் ஒரு வாரத்திலேயே தோன்றலாம். சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய காலம் இந்த இடைவெளிதான். முகம், தலை, கழுத்து, கைவிரல்கள் ஆகிய இடங்களில் கடிபட்டால் ஆபத்து கூடுதல். சிறு குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் அதன் முகத்துக்கு நேராக வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

குழந்தைகள் ஏன் மறைக்கிறார்கள்? சிறுவன் கேட்ட கேள்வி முதல் காரணம். அடி விழும் என்ற பயம் இரண்டாவது. மூன்றாவது காரணம் பெரியவர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கதை: "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்!"

தொப்புளைச் சுற்றி ஊசி: பழங்கதை

அந்தக் கதை ஒரு காலத்தில் உண்மை. 1885 ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மீஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்த ஏற்பாடு செய்தார். 13 ஊசிகளுக்குப் பின் அச்சிறுவன் பிழைத்தான். தமிழ்நாட்டில் 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் பல்லாண்டுகள் தென்னிந்தியாவுக்கு இந்த மருந்தை வழங்கிவந்தது. அக்காலத்து மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. நிறைய அளவில், பல நாட்கள், வயிற்றில் போட வேண்டியிருந்தது. நம் பாட்டனார் காலத்து அச்சம் அதிலிருந்து பிறந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அந்த மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டுவிட்டது. இன்றைய தடுப்பூசி உயிரணு வளர்ப்பு முறையில் தயாரிக்கப்படுகிறது, பாதுகாப்பானது. வயிற்றில் போடப்படுவதில்லை. தோலினுள் போடும் முறையில் இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லிலிட்டர் வீதம் 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடப்படுகிறது. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஐந்து தவணை. முதல் ஊசி போடும் நாளே 0 என்று கணக்கிடப்படுகிறது. மிகச் சிறு குழந்தைகளுக்குத் தசையில் போடும் ஊசி தொடையின் வெளிப்புறத்தில் போடப்படும். இதை வீட்டில் குழந்தைகளிடம் சொல்லுங்கள். பழைய கதையைச் சொல்லி அச்சுறுத்தினால், குழந்தை நாயிடமிருந்து விலகாது. நாய் கடித்ததை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

கடி அல்லது கீறல் பட்டால் செய்ய வேண்டியவை

1. காயத்தைக் குழாய் நீரில் காட்டி, சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். வைரஸைச் சூழ்ந்துள்ள கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்டது.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், எண்ணெய் போன்ற எதையும் காயத்தில் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

3. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

4. இரத்தம் வந்த கடி, புண்ணிலோ வாய், கண் போன்ற மென்சவ்விலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இவற்றுக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தடுப்பூசி வேலை செய்ய சில நாட்கள் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மறிப்பது இம்மருந்து. இரத்தம் வராத சிறு கீறலும் தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகையே. காயமற்ற தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும்.

5. "குட்டி நாய்தானே", "நாளும் பார்க்கிற நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். குட்டிகளிடமிருந்தும் பூனைகளிடமிருந்தும் நோய் பரவக்கூடும். நாயைப் பத்து நாட்கள் கவனித்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று காத்திருப்பதும் தவறு. ஊசியை உடனே தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள்.

6. நாட்கள் கடந்துவிட்டனவே, இனி என்ன பயன் என்று எண்ண வேண்டாம். குழந்தை பத்து நாள் கழித்துச் சொன்னாலும், ஒரு மாதம் கழித்துச் சொன்னாலும் அன்றே அழைத்து வாருங்கள். தவணைகளை இடையில் நிறுத்தாதீர்கள்.

நட்பைப் பாதுகாப்பானதாக்குவது எப்படி?

தெருநாயோடு பழகவே கூடாது என்று தடை விதித்தால், பெரும்பாலான குழந்தைகள் தடையை மீறி, நாம் பார்க்காத நேரத்தில் பழகுவார்கள். ஆகவே, பெற்றோர் தாமே கீழே இறங்கிச் சென்று அந்த நாயைப் பார்ப்பது நல்லது. அது எப்படிப்பட்ட நாய், யார் உணவு வைக்கிறார்கள், குட்டிகள் உண்டா என்று காவலாளியிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டறியுங்கள். பார்த்த பிறகு, இந்த நாய் வேண்டாம் என்று முடிவு செய்ய நேர்ந்தால் காரணத்தைக் குழந்தைக்கு விளக்குங்கள்.

நாயின் காது ஓரத்தில் சிறிய வெட்டு இருந்தால், அதற்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். சென்னை மாநகராட்சி 1990களின் நடுவிலிருந்தே இத்திட்டத்தை நடத்திவருகிறது. விலங்குகளின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்கான மத்திய அரசின் விதிகள் 2001இலும் பின்னர் 2023இலும் வகுக்கப்பட்டன. அறுவையின்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படும். ஆனால், அது ஆண்டுதோறும் மீண்டும் போடப்பட வேண்டும். காது வெட்டு இருப்பதால் மட்டும் தடுப்பூசி நடப்பில் இருக்கிறது என்று கொள்ள முடியாது. கருத்தடையோ தடுப்பூசியோ தேவைப்படும் நாய்களைப் பற்றிச் சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் தெரிவிக்கலாம்.

குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியவை இவை. நாய் தின்னும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் அருகில் போகக் கூடாது. உணவைக் கையால் ஊட்டாமல் தட்டிலோ தாளிலோ வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் முகத்தருகே முகம் வைப்பதும் வேண்டாம். நமக்கு அது அன்பு, நாய்க்கு அது அச்சுறுத்தல். காதுகள் பின்னால் மடங்கி, உடல் விறைத்து, வால் கால்களுக்கிடையே ஒடுங்கி, உதடு உயர்ந்து பல் தெரிந்தால், "என்னை விட்டு விலகு" என்று நாய் சொல்கிறது என்று பொருள். அறிமுகமில்லாத நாய் நெருங்கினால் ஓடக் கூடாது. மரம்போல் அசையாமல், கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்களை உற்றுப் பார்க்காமல் நிற்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரியவர் துணையின்றி எந்த நாயோடும், வீட்டு நாயே ஆனாலும், தனித்திருக்கக் கூடாது.

வெறிநோய்க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. விலங்குகளோடு நாளும் பழகும் குழந்தைக்கு இது பொருந்துமா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இதைப் போட்டுக்கொண்ட குழந்தையையும் கடித்தால் மருத்துவமனைக்கு அழைத்து வரத்தான் வேண்டும். ஆனால், பொதுவாக இரண்டு தவணைகளே போதுமானவை, இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

நாயைத் தொட்ட பின் சோப்பால் கை கழுவுவது கட்டாயம். நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணின் வழியாகவும் விரல்களின் வழியாகவும் குழந்தையின் வயிற்றுக்குள் செல்லக்கூடும். படர்தாமரை போன்ற தோல் நோய்களும் தொற்றலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அவர்கள் தெருவிலங்குகளைத் தொடுவதைத் தவிர்க்க வேண்டும். பால்கனியிலிருந்து பார்ப்பதும், வேறொருவர் கையால் உணவு வைக்கச் செய்வதும் அவர்களுக்கு ஏற்ற வழிகள்.

நாய் காணாமற்போனால்

தெருநாயின் வாழ்நாள் குறுகியது. வாகனத்தில் அடிபடலாம், நோயில் இறக்கலாம், ஒருநாள் காணாமலே போகலாம். அப்போது "ஒரு நாய்க்குப் போய் அழுவார்களா?" என்று கேட்காதீர்கள். பல குழந்தைகளுக்கு அதுதான் வாழ்வில் சந்திக்கும் முதல் இழப்பு. இறந்துவிட்டது என்று தெரிந்தும் "ஊருக்குப் போயிருக்கிறது" என்று பொய் சொல்வதும் நன்றன்று. குழந்தை நாள்தோறும் வாயிலில் காத்து நிற்கும். உண்மை தெரியும் நாளில் நம்மையும் நம்பாது. எளிய சொற்களில் உண்மையைச் சொல்லி, அழ விட்டு, அருகில் இருங்கள். அதன் படத்தை வரையச் சொல்லலாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் உணவும் உறக்கமும் பள்ளி செல்வதும் சீராகவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

மறுகரையில் நிற்க வேண்டியவர்கள்

தெருநாயிடம் குழந்தை போகிறது என்றால், நாம் குறையுடைய பெற்றோர் என்று பொருள் அன்று. நகர வாழ்வில் இருவரும் உழைத்தாக வேண்டியிருக்கிறது. பயண நேரத்தைக் குறைக்க நம்மால் இயலாது. ஆயினும், குழந்தை நாயிடம் சொல்லும் கதைகளில் சிலவேனும் நமக்கும் வர வழி செய்யலாம். வீடு திரும்பியதும் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, "இன்று உன் நண்பன் என்ன செய்தான்?" என்று கேட்டுப் பாருங்கள். விடுமுறை நாளில் ஒரு முறை நீங்களும் உடன் சென்று பொறை போடுங்கள். அதே குடியிருப்பில் அதே நாய்க்கு உணவு வைக்கும் வேறொரு குழந்தை இருக்கக்கூடும். இரு குழந்தைகளும் சேர்ந்து செய்யட்டும். ஊரில் இருக்கும் பாட்டியிடம் கைப்பேசியில் நாயைக் காட்டிப் பேசட்டும். இவ்வாறு அந்த நட்பு மனிதர்களை நோக்கி விரிகிறது.

இன்று இரவே உங்கள் குழந்தையிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், கீறினாலும் உடனே எங்களிடம் சொல். உன்னைத் திட்ட மாட்டோம், அடிக்க மாட்டோம். அந்த நாயையும் அடிக்க மாட்டோம், விரட்ட மாட்டோம். முதலில் கையைக் கழுவி உனக்கு மருந்து போடுவோம். அதற்கும் என்ன தேவை என்று பார்ப்போம்." சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மருத்துவமனையில் எங்களிடம் இருக்கும் மருந்து, குழந்தை சொன்னால்தான் அதன் உடலுக்குப் போய்ச் சேரும்.